முதல் மண்வெட்டி

வெள்ளைக்காரன் வெட்டிய வாய்க்காலைப் படம் பிடிக்க வெள்ளைக்காரனே வரப்போகிறான் என்ற கதை எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தபோது, அந்த வாய்க்காலில் தண்ணீர் வந்து சேர்ந்திருக்கவில்லை.

முகாமிலிருந்து எங்களைக் கொண்டுவந்து சொந்த ஊரான பாலைக்கட்டில் இறக்கிவிட்டு அப்போது இரண்டாவது வருசம். வீட்டுக்கு ஒரு தறப்பாள், கொஞ்சம் தகரம், ஒரு மண்வெட்டி என்று தந்திருந்தார்கள். மண்வெட்டிப் பிடி எல்லாவற்றிலும் ஒரே மாதிரி நீலப் பெயின்ற் வளையம். எது யாருடையது என்று வேலிக்கு வேலி வாக்குவாதம் நடந்தபடியால், நான் என்னுடைய பிடியில் சைக்கிள் ரியூப்பைக் கிழித்துச் சுற்றி வைத்திருந்தேன். பிடியில் ஒரு வெடிப்பும் இருந்தது. ரியூப் இரண்டுக்கும் உதவியது. இந்த ரியூப்பை மறந்துவிட வேண்டாம். பிறகு இது சரித்திரத்துக்குள் போகிறது.

சிறுபோகக் காலத்தில் குளத்துத் தண்ணீர் மட்டு. அதனால் முறை வைத்துத்தான் பாய்ச்சுவோம். முறை யாருடையதோ அவர் தன் மண்வெட்டியைத் தன் வயல் வாய்க்கால் வாயில் நட்டு வைப்பார். வாயை வெட்டித் தயாரானதும் மண்வெட்டியைப் பிடுங்கித் தலைக்கு மேலே உயர்த்திக் காட்டுவார். தூரத்தில், பெரிய வாய்க்காலிலிருந்து எங்கள் கிளை வாய்க்கால் பிரிகிற இடத்தில் கதிர்காமு அண்ணை நிற்பார். அவர்தான் வட்டவிதானை, தண்ணீருக்குப் பொறுப்பு. உயர்த்திய மண்வெட்டி கண்ணில் பட்டால் கதவைத் திறப்பார். உயர்த்தாமல் கையோடு கொண்டுபோனால் முறை அடுத்தவருக்கு. நட்டவர் சொல்லாமல் வேறொருவர் அதைத் தொடக் கூடாது. இது எங்கும் எழுதி வைத்த சட்டம் இல்லை. எழுதி வைத்த சட்டங்களை மீறியவர்கள் ஊரில் பலர் இருக்கிறார்கள். இதை மீறியவர் ஒருவரும் இல்லை.

எனக்கு அடுத்த வளவு இந்திராதேவி. வாய்க்காலின் கடைசி வயல் அவளுடையது. திரும்பி வந்த பிறகு அவள் விதைத்த முதல் பயிர். படக்காரர் வந்த கிழமை அது குடலைப் பருவத்தில் நின்றது. அந்தப் பருவத்தில் தண்ணீர் தவறினால் கதிர் வெளியே வராது, வந்தாலும் மணி பிடிக்காத சப்பிதான். அவளுடைய முறை வெள்ளிக்கிழமை. திங்களிலிருந்தே அவள் வெள்ளி வெள்ளி என்று சொல்லிக்கொண்டு திரிந்ததை நான் வேலிக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். கேட்க வேண்டும் என்று இல்லை, காதில் விழுந்தது.

படக்காரர் வருமுன் கந்தோர் ஐயா வந்தார். நீர்ப்பாசன அலுவலகத்து அதிகாரி, வாய்க்கால்களுக்கெல்லாம் பெரியவர். பள்ளிக்கூடத்து வேப்பமரத்தின் கீழ் எங்களைக் கூட்டிவைத்துப் பேசினார்.

"இந்தக் கால்வாய் பிரித்தானியர் எமக்கு விட்டுச் சென்ற முதுசம். அதை நாங்கள் அப்படியே பாதுகாத்து வருகிறோம். அப்படியே என்றால், அவர்கள் போன நாளிலிருந்து ஒரு கல்லைக்கூட எமது திணைக்களம் தொட்டதில்லை."

"அது உண்மைதான்," என்றார் கதிர்காமு அண்ணை.

ஐயா அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு மேலே போனார். "படத்தில் ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூறு வரும். அதற்குப் பிறகு நேரே இந்த வருடம் வரும். இடைப்பட்ட காலத்தைப் பற்றி அவர்கள் கேட்கப் போவதில்லை. கேட்டாலும் நீங்கள் சொல்லக் கூடாது. இடைப்பட்ட காலத்தில் இங்கே மழை குறைவு. அவ்வளவுதான்."

மழை குறைவான அந்தக் காலத்தில் எங்கள் வாய்க்காலில் ஷெல் விழுந்த குழிகள் இரண்டு இன்னும் அப்படியே கிடந்தன. ஒன்றில் தாமரை பூத்திருந்தது.

படக்காரர் மூன்று வாகனத்தில் வந்தார்கள். நடுநாயகமானவர் தொப்பி போட்ட ஒருவர். ஊர் அவருக்குத் தொப்பித் துரை என்று பெயர் வைத்தது. தன் நாட்டுக் கால்வாய்களைப் பற்றி ஏழு பாகம் எடுத்து முடித்துவிட்டு, எட்டாவது பாகத்துக்கு எங்களிடம் வந்திருந்தார். அவரை ஏவுவதற்கு ஒரு டைரக்டர். எங்களுக்கும் அவர்களுக்கும் இடையில் பேசுவதற்குக் கொழும்பிலிருந்து தனஞ்சயன் என்றொரு பெடியன், நல்ல பிள்ளை, பொய்யை மட்டும் அளவோடு சொல்வான்.

துரையின் தொழில் நடப்பது. தூரத்தில் போய் நிற்பார். கை காட்டினால் தனியாக, யோசனையோடு நடந்து வருவார். கமராவுக்குக் கிட்ட வந்ததும் யாரோ கூப்பிட்டதுபோலத் திடுக்கிட்டுப் பார்த்து, தனக்கு விடை தெரிந்த ஒரு கேள்வியைக் கேட்பார். பிறகு அடிவானத்தைப் பார்ப்பார். பிறகு குனிந்து ஒரு கல்லைத் தடவுவார். எங்கள் வாய்க்கால் மதகைத் தடவியபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அது போன வருசம் ஒரு தொண்டு நிறுவனம் கட்டித் தந்தது. அவர்களுடைய பெயர்ப் பலகை பக்கத்திலேயே நின்றது. டைரக்டர் அதன் மேல் முசுட்டைக் கொடியை இழுத்துப் போட்டு நூறு வருசத்துக்கு முன்னே அனுப்பிவிட்டார்.

முதல் நாளே துரைக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"படகுகள் எந்தத் துறையிலை நிக்கும் எண்டு கேக்கிறார்," என்றான் தனஞ்சயன்.

கதிர்காமு அண்ணை வாய்க்காலைப் பார்த்தார். முழங்காலுக்குக் கீழே தண்ணீர். "இது வயலுக்குப் போற தண்ணி தம்பி. இதிலை தவளை போகும்."

அவர்களுடைய நாட்டில் கால்வாய் என்றால் படகு போகுமாம். பார்க்கிற சனம் படகைத் தேடுமாம். அடுத்த நாள் காலை ஓலைத்தொடுவாயிலிருந்து ஒரு மீன்பிடி வள்ளம் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறி வந்து எங்கள் வயலில் இறங்கியது. கூடவே அதன் சொந்தக்காரர் பஸ்ரியன்.

"கடலுக்கு இழுக்கச் சொன்னா இழுப்பன்," என்றார் அவர். "வயலுக்குள்ளை இழுக்கச் சொல்லி இண்டைக்குத்தான் கேக்கிறன். மடுவுக்குப் போய் மாதாவிட்டைச் சொன்னாலும் நம்பமாட்டா."

வள்ளம் மிதக்கத் தண்ணீர் போதவில்லை. கடைசி வயலுக்கு மேலே வாய்க்காலை மண்மூட்டை போட்டு மறித்தார்கள். ஊரில் மண்மூட்டைக்குப் பஞ்சமில்லை. தண்ணீர் இடுப்பளவு ஏறியது, வள்ளம் அப்போதும் தரை தட்டியது. கடைசியில் துரை வள்ளத்தில் சாய்ந்து இருந்தார். பஸ்ரியனும் இன்னும் நாலு பேரும் கமராவுக்குத் தெரியாமல் குனிந்து பின்னாலே தள்ளினார்கள். துரை கண்ணை மூடி ஏதோ சொன்னார்.

"என்னவாம்?" என்று மூச்சு வாங்கக் கேட்டார் பஸ்ரியன்.

"அமைதியா மிதந்து போறாராம்."

"ஓம், அவருக்கு அமைதிதான்."

இந்திராதேவி மண்மூட்டைப் பக்கமே நின்றாள். "இதுகளை எப்ப எடுப்பினம் தம்பி?"

"படம் முடிய, அக்கா."

"படம் எப்ப முடியும்?"

"அது வெளிச்சத்தைப் பொறுத்தது."

"என்ரை பயிர் தண்ணியைப் பொறுத்தது."

இதைத் தனஞ்சயன் மொழிபெயர்த்தானோ தெரியாது. டைரக்டர் அவளைப் பார்த்துச் சிரித்துக் கையசைத்தார். கமரா பார்க்கும் இடத்திலிருந்து விலகி நிற்கச் சொன்ன கையசைப்பு அது.

வள்ளம் போனதும் வாய்க்கால் வெட்டும் காட்சி வந்தது. பழைய காலத்துக் கூலியாட்கள் அறுபது பேர் வேண்டும், ஆண்களாக வேண்டும். ஊர் திரண்டு வந்து நின்றது. டைரக்டர் எங்களை ஒரு தரம் பார்த்தார். திரும்பவும் பார்த்தார். பிறகு தனஞ்சயனிடம் ஏதோ கேட்டார்.

"ஆம்பிளையள் எங்கை எண்டு கேக்கிறார்," என்றான் தனஞ்சயன். கேட்டுவிட்டுத்தான் தான் என்ன கேட்டோம் என்று அவனுக்கு விளங்கியது போல. தலையைக் குனிந்துகொண்டான்.

சோளகக் காற்று வீசியது.

"அதைத்தான் தம்பி நாங்களும் கேட்டுக்கொண்டிருக்கிறம்," என்றாள் இந்திராதேவி.

கந்தோர் ஐயா பலமாக இருமினார். தனஞ்சயன் ஆங்கிலத்தில் இரண்டு சொல் சொன்னான். என்ன சொன்னாய் என்று பிறகு நான் விடாமல் கேட்டதில், வயல் வேலைக்குப் போயிட்டினம் எண்டு சொன்னனான் அன்ரி, என்றான்.

ஆகவே பெண்களுக்குத் தலைப்பாகை கட்டினார்கள். அடுப்புக்கரியால் மீசை வைத்தார்கள். எனக்கும் ஒன்று வைத்தார்கள், எனக்கு அது பொருந்தவில்லை. இந்திராதேவிக்கு முறுக்கு மீசை. கடைசி வயலுக்குப் போகிற வாய்க்கால் துண்டு பாதிக்கு மண் தூர்ந்து கிடந்தது, அங்கேதான் வெட்டச் சொன்னார்கள். கதிர்காமு அண்ணைக்கு உள்ளுக்குள் சந்தோசம். சிரமதான வேலைக்குக் கூப்பிட்டும் வராத சனம், கரி மீசையோடு வந்து வாய்க்காலைத் துப்புரவாக்குகிறது. மத்தியானத்துக்கிடையில் வாய்க்கால் கத்தியால் கீறியதுபோல் நேராக நின்றது. தண்ணீர் விட்டால் ஓடும்.

டைரக்டர் கையைத் தட்டினார். மிக அருமை, இன்னொரு தரம், என்றார்.

"இன்னொரு தரம் எண்டா?" என்று கேட்டார் கதிர்காமு அண்ணை.

"திரும்ப வெட்டவேணும்."

"வெட்டியாச்சே."

"அதாலைதான் அண்ணை. முதல் மூடவேணும்."

மூடினோம். வெட்டினோம். துரையின் தொப்பி காற்றில் பறந்ததால் மூடினோம். வெட்டினோம். ஒரு ஆட்காட்டிக் குருவி கத்தியதால் மூடினோம். மூன்றாவது தரமோ நாலாவது தரமோ இந்திராதேவியின் மண்வெட்டிப் பிடி முறிந்தது. என்னுடையதைக் கேட்டாள். கவனம் பிள்ளை, ரியூப் சுத்தினது என்ரை, என்று சொல்லித்தான் கொடுத்தேன்.

இளைப்பாற விட்டபோது அவள் தனஞ்சயனிடம் கேட்டாள். "இது ஆர் வெட்டினதெண்டு படத்திலை வரும்?"

"வெள்ளைக்கார எஞ்சினியர் ஒருத்தர் வெட்டினார் எண்டு வரும் அக்கா."

"தனியாவோ?"

கேள்வி துரைக்குப் போனது. துரை அன்பாகச் சிரித்தார். கேள்வி அவருக்கு மிகவும் பிடித்துப் போய், உடனே தூரத்தில் போய் நின்று நடந்து வந்து, பின்னால் நாங்கள் அறுபது மீசைகள் வியர்த்துக்கொண்டு நிற்க, கமராவைப் பார்த்துச் சொன்னார்: "ஒரு மனிதன். காய்ச்சல், வனாந்தரம், வெயில். அவன் தன்னந்தனியாக இந்த நிலத்துக்கு நீர் கொண்டு வந்தான்."

வெள்ளிக்கிழமை விடிந்தது. இந்திராதேவி முழுகி, வயலுக்குப் போனாள். போன வேகத்தில் திரும்பி ஓடி வந்தாள். அவள் கத்திய கத்தலில் நானும் போகவேண்டியதாயிற்று.

எங்கள் கையால் வெட்டிய வாய்க்கால் துண்டை மண் தள்ளும் பெக்கோ இயந்திரம் ஒன்று மூடிக்கொண்டிருந்தது. வாய்க்கால் இருந்த தடமே இல்லை. மேலே கதவையும் சாத்தியாயிற்று. கந்தோர் ஐயா குடை பிடித்தபடி நின்றார். படத்தின் முதல் காட்சியைக் கடைசியாகத்தான் எடுப்பார்களாம். முதல் காட்சி என்றால் வெள்ளைக்காரர் வருமுன் இருந்த வெறும் நிலம்.

"ஐயா, இண்டைக்கு என்ரை முறை," என்றாள் இந்திராதேவி.

ஐயா பொறுமையான மனிசன். விளங்கப்படுத்தினார். "அம்மா, இப்ப நீங்கள் நிக்கிறது ஆயிரத்து எண்ணூற்று எண்பதாம் ஆண்டு. வாய்க்கால் இன்னும் வெட்டேல்லை. வெட்டாத வாய்க்காலிலை முறை கேட்டா நான் என்ன செய்ய?"

"அப்ப என்ரை நெல்லு? குடலையிலை நிக்குது ஐயா. இண்டைக்கு விட்டா அடுத்த முறைக்கிடையிலை கருகிப்போம்."

"நெல்லைப் பற்றிக் கவலைப்படாதேங்கோ. அது படத்திலை வராமல் மறைச்சுத்தான் பிடிக்கினம்."

அவள் அவருடைய குடையை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு போய், தன் வயல் வாயில், மூடிக் கிடந்த மண்ணில், என்னுடைய மண்வெட்டியை நட்டாள்.

ஐயாவுக்கு முகம் மாறியது. அவரும் பக்கத்து ஊரில் வயல் செய்யும் கமக்காரன் ஒருவரின் மகன்தான், கழுத்துப் பட்டி கட்டியதால் மறந்துபோகிற சங்கதி இல்லை இது. உடனே மோட்டார் சைக்கிளில் ஏறிக் கதவடிக்குப் போய்க் கதிர்காமு அண்ணையிடம் சொன்னார். "இந்திராதேவி மண்வெட்டி தூக்கினாலும் நீர் கதவு திறக்கக் கூடாது. திறந்தா நாளைக்கு வட்டவிதானை வேறை ஆள்."

"ஓம் ஐயா. இந்திராதேவி தூக்கினாத் திறக்கமாட்டன்," என்றாராம் அவர்.

பின்னேரம் டைரக்டர் எதிர்பார்த்த வெளிச்சம் வந்தது. துரை வெறும் நிலத்தில் நின்று பேசத் தொடங்கினார். மனிதர் காலடி படாத பூமி இது என்றார். நாங்கள் எல்லோரும் மனிதர் காலடி படாத பூமியிலிருந்து நாற்பது அடி தள்ளிக் குந்தியிருந்தோம். இந்த மண்ணில் இன்னும் ஒரு மண்வெட்டி விழவில்லை என்று அவர் சொல்லும்போது டைரக்டர் நிறுத்தினார். துரையின் முழங்காலுக்குப் பக்கத்தில், நீல வளையமும் ரியூப்பும் பளிச்சென்று தெரிய, மண்வெட்டி நின்றது.

எடுக்கச் சொன்னார்கள். ஒருவரும் எழும்பவில்லை. பெக்கோ ஓட்டி வந்தவனும் எழும்பவில்லை, அவனும் முருங்கன் பக்கத்து வயல்காரப் பெடியன். டைரக்டர் ஐயாவைப் பார்த்தார். ஐயா இரண்டடி நடந்தார், நின்றார், குடையை மற்றக் கைக்கு மாற்றினார்.

"அம்மா, நீங்களே எடுங்கோவன்."

"நான் எடுத்தா என்ரை முறை போயிடும் ஐயா," என்றாள் இந்திராதேவி. பிறகு தனஞ்சயன் பக்கம் திரும்பினாள். "அவசரமெண்டா அந்தத் துரையையே எடுக்கச் சொல்லுங்கோ தம்பி. எனக்கு மறுப்பில்லை."

தனஞ்சயன் சொன்னான். துரைக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. நாட்டுப்புறப் பெண் ஒருத்தி தன் கருவியைத் தன் கையாலேயே அவருக்குக் கொடுப்பதாக அவர் விளங்கிக்கொண்டார் போல. அப்படிச் சும்மா எடுத்து எறிவதா என்று அவருக்கு ஒரு யோசனை வந்தது. டைரக்டரோடு குசுகுசுத்தார். கமரா ஓடியது. துரை தூரத்திலிருந்து நடந்து வந்தார். கமராவைக் கண்டு திடுக்கிட்டார். குனிந்து மண்வெட்டியைப் பிடுங்கினார். "முதல் மண்வெட்டி," என்று சொல்லி இரண்டு கையாலும் தலைக்கு மேலே, வெயில் பட்டு மின்ன, உயர்த்திப் பிடித்தார்.

நன்றாகத்தான் உயர்த்தினார். எங்களில் ஒருவரும் அவ்வளவு உயரத்துக்கு உயர்த்தியதில்லை.

கதவடியில் இரும்புச் சக்கரம் கிரீச்சிட்ட சத்தம் காற்றோடு வந்தது. இந்திராதேவி எழும்பிச் சேலையை இழுத்துச் செருகினாள்.

அந்தக் கிழமை முழுக்க மறித்து வைத்த தண்ணீர் எல்லாம் மண்மூட்டைகளுக்குப் பின்னால் நின்றது. கதவால் வந்த புதுத் தண்ணீர் வந்த வேகத்தில் அந்த மூட்டைகளைப் புரட்டியது. பெக்கோ போட்ட மண் இறுகாத மண். அது கரைந்து, இடிந்து, வாய்க்கால் தன் தடத்தைத் தானே கண்டுபிடித்துக்கொண்டு வந்தது. வெள்ளைக்காரர் வருவதற்குப் பத்து வருசம் முன்னாலே, துரையின் இரண்டு சப்பாத்துக்கும் நடுவே புகுந்து, இந்திராதேவியின் வயலுக்குள் போனது. துரை மண்வெட்டியை இறக்க மறந்து நின்றார். காற்று தொப்பியைக் கழற்றித் தண்ணீரில் போட்டது. அந்த வாய்க்காலில் உண்மையாக மிதந்து போனது அந்தத் தொப்பி ஒன்றுதான்.

இந்திராதேவியிடம் மண்வெட்டி இல்லை. கையாலும் காலாலும் வரம்பைக் கிழித்துக் கிழித்துத் தண்ணீர் கட்டினாள். இருட்டும்வரை கட்டினாள். அவளை ஒருவரும் படம் எடுக்கவில்லை.

ஐயா கதவடிக்கு ஓடினார். மோட்டார் சைக்கிள் சேற்றில் நின்றுவிட்டபடியால் ஓடித்தான் போனார். "நான் என்ன சொன்னனான் உமக்கு?"

"இந்திராதேவி தூக்கினாத் திறக்க வேண்டாமெண்டீங்கள். துரை தூக்கினா என்ன செய்யிறதெண்டு சொல்லேல்லை," என்றார் கதிர்காமு அண்ணை. "வெள்ளைக்காரர் வெட்டின வாய்க்கால் ஐயா. அவரே கேக்கிறார். நான் எப்பிடி மறிக்கிறது?"

அவரை மாற்றவில்லை. டைரக்டருக்குக் காட்சி அவ்வளவு பிடித்திருந்தது. மண்வெட்டியை அன்று மாலையே துரை ஒரு சிறு உரையோடு ஐயாவிடம் கையளித்தார். அது என்ரை, என்று நான் எழும்பிச் சொன்னேன். எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த வருசம் தனஞ்சயன் படத்தை இறுவட்டில் அனுப்பினான். தெருக்கரையில் கலந்தர் நானாவின் கடையில் ரீவி இருந்தது. ஊர் போய்க் கூடியது. துரை மண்வெட்டியை உயர்த்துகிறார், அந்தக் கணமே தண்ணீர் பாய்ந்து வருகிறது, பின்னணியில் பிடில் அழுகிறது. வறண்ட கீழைநாட்டுக்குத் தண்ணீரைக் கூட்டிவந்த ஒரு தேசத்தின் மேதைமை என்று அவருடைய குரல் சொல்வதாகக் கலந்தர் நானாவின் மகள் பரீனா சொன்னாள். அவள் ஆங்கிலம் படிப்பிக்கிறவள். மூன்று வினாடிக்கு நாங்கள் வந்தோம், மீசையோடு.

"இந்தத் தொழிலாளரின் பெயர்களை வரலாறு எழுதி வைக்கவில்லை எண்டு சொல்லுறார்," என்றாள் பரீனா.

"கேட்டிருந்தாச் சொல்லியிருப்பம்," என்றாள் இந்திராதேவி. "பக்கத்திலைதானே நிண்டனாங்கள்."

கடைசியில் துரை அடிவானத்தைப் பார்த்தார். இன்று இந்தக் கால்வாயை யாரும் பயன்படுத்துவதில்லை, அது தன் நினைவுகளோடு மௌனமாகக் கிடக்கிறது என்றார். இந்திராதேவி அந்த மௌனத்தில் விளைந்த நெல்லில் ஒரு ஓலைக் கடகம் எனக்குத் தந்திருந்தாள். சப்பி இல்லாத நெல். அன்று இரவு சோறாக்கியதும் அதில்தான்.

ஒரு வருசம் இரவல் மண்வெட்டியில் ஓட்டிய பிறகு, என்னுடையதைக் கேட்டு நான் கந்தோருக்குப் போனேன். வாசலிலேயே கண்ணாடிப் பெட்டிக்குள், சிவப்புத் துணியில் படுத்திருந்தது. பித்தளைத் தகட்டில் ஆண்டு பொறித்திருந்தது. நான் பிறப்பதற்கு எண்பது வருசம் முந்திய ஆண்டு.

"ஐயா, பிடியிலை நீலப் பெயின்ற் கிடக்கு," என்றேன்.

"அந்தக் காலத்து நீலம் அம்மா. இப்ப அப்பிடி வராது."

"இது சைக்கிள் ரியூப் ஐயா. நான் சுத்தினது."

ஐயா கண்ணாடிக்குக் கிட்டப் போய்ப் பார்த்தார். என்னையும் பார்த்தார். "ஆய்வாளர்கள் வந்து பார்த்தவை. அவர்களுக்கே அது என்னவெண்டு பிடிபடேல்லை. அப்படியான ஒரு பொருளை நீங்கள் வீட்டிலை வைச்சிருந்ததெண்டு வெளியிலை சொல்லாதேங்கோ. தொல்பொருளை வைச்சிருக்கிறது குற்றம்."

திரும்பி வந்துவிட்டேன். அந்தச் சனிக்கிழமை என்னுடைய முறை. நட்டு வைக்க மண்வெட்டி இல்லை. இந்திராதேவி புதுப் பிடி போட்டதைத் தாறன் என்றாள், நான் வாங்கவில்லை, எனக்குக் கோபம். வயல் வாயில் நானே போய் நின்றேன். தூரத்தில் கதிர்காமு அண்ணை நெற்றியில் கையை வைத்துப் பார்த்தார். வெறுங்கையை உயர்த்தினேன்.

தண்ணீர் வந்தது. பக்கத்தில் வெள்ளைக்காரர் ஒருவரும் இருக்கவில்லை.